மூன்று நாளாக ஒரு கீதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்

இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

பக்கத்துச் சமூக மன்றத்தில் பொங்கல் நிகழ்ச்சி. எங்கள் புளோக்கிலிருந்து ஒரு சின்னக் கோஷ்டி: என் மகள் பாட்டு, எதிர்வீட்டுச் சீன அங்கிள் எர்ஹு (இரண்டு தந்திச் சீன வில்வாத்தியம்), ஏழாவது மாடி மலாய்ப் பையன் கீபோர்டு. எடுத்திருப்பது மோகன ராகத்தில் ஒரு கீதம். ராகம் தானம் பல்லவி எல்லாம் இல்லை, குழந்தைகள் படிக்கிற கீதம். அதை மூன்று பேரும் படிக்கிற மாதிரி எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ‘இதுக்கெல்லாம் இப்போ ஆன்லைன்லயே வசதி இருக்கே’ என்றார் ஒரு புண்ணியவான்.

முதல் ராத்திரி, இசை எழுதுகிற ஆன்லைன் மென்பொருள் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு ஸ்வரமாக மவுஸால் பிடித்து மேற்கத்திய முறையின் ஐந்து கோட்டில் உட்கார வைத்தேன். காந்தாரத்தை வைக்கப் போனால் ரிஷபத்தில் விழுகிறது. கண் பூத்துப்போய், ஒருவழியாக முடித்து ஓடவிட்டேன். லேசாக அசைந்து வரவேண்டிய காந்தாரம், லிஃப்ட் கதவு திறக்கும்போது கேட்கும் மணி மாதிரி டிங் என்று நிற்கிறது. கணினியும் இசைக்கருவிகளும் பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த மிடியிலேயே சுருதியை வளைக்க ஏற்பாடு உண்டு. அதற்கும் முன்னால், 1904இல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கு, அதாவது ஸ்வரத்தின் அசைவுகளுக்கு, தனித்தனி அடையாளம் போட்டுப் புத்தகமே அச்சடித்துவிட்டார். இந்த மென்பொருளில் ஒரு நெளிகோடு கொடுத்திருக்கிறார்கள். அது திரையில் மட்டும்தான் நெளிகிறது.

மறுநாள் மகள், ‘அம்மா, ஒரு கட்டையில என்னால பாட முடியாது, அஞ்சு கட்டை வேணும்’ என்றாள். நியாயம்தான். (கட்டை என்பது பாடுகிற சுருதியின் உயரம்: ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி.) நம் நோட்டில் இதற்காக ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம், சுருதிப்பெட்டியை மாற்றினால் போதும். அங்கிள் படிக்கும் எண் முறையிலும் அப்படித்தான். ஜியன்பூ என்பார்கள். நம் ஸ ரி க ப த அவருக்கு 1 2 3 5 6. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, அச்சு அசல் நம்மைப் போலவே. தாளின் தலையில் ‘1=சி’ என்பதை அடித்து ‘1=ஜி’ என்று எழுதினார், அவர் வேலை தீர்ந்தது. (ஜி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எர்ஹுவின் இரண்டு தந்திக்கும் அது தோதாம்.)

ஐந்து கோட்டில்தான் ஒவ்வொரு ஸ்வரமும் வீடு மாற வேண்டும். அதைச் செய்யத்தானே கணினி? பொத்தான் இருக்கிறது, நீல நிறத்தில், பளிச்சென்று. அழுத்தினால் ஒரு பூட்டுப் படம். மாதம் 12 வெள்ளி! ஒரே ஒரு கீதத்துக்கு!

சரி, வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மியூசிக்எக்ஸ்எம்எல்லாக இறக்கினேன். இப்படி ஊர்விட்டு ஊர் போவதற்கென்றே 2004இலிருந்து இருக்கிற வடிவம். ஸ்வரங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எம்ஆர்டி பெயர்ப்பலகையில் ஒழுங்காகத் தெரிகிற தமிழ், காசு கேட்கிற இந்த மென்பொருளில் தெரியாதாம்.

அப்புறம் கோட்டையே விட்டுவிட்டு, ஸ்வரங்களைத் தமிழிலேயே தட்டிப் பார்த்தேன். மேல் ஸ்தாயி ஸ-வுக்குத் தலையில் புள்ளி வைக்கிறேன், அது ‘ஸ்’ ஆகிவிடுகிறது. உச்சத்தில் நின்று கார்வை கொடுக்க வேண்டிய ஸட்ஜம், புஸ்ஸென்று காற்று இறங்கின டயர் மாதிரி!

நேற்று ராத்திரி மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, ஒரு கோப்பியைக் கலக்கிக்கொண்டு, மகளின் பழைய கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தேன். கமகம் வருகிற இடமெல்லாம் சிவப்பு மையில் நானே ஒரு நெளி. அங்கிளுக்குப் படம் பிடித்து அனுப்பியாயிற்று, பத்தே நிமிடத்தில் வாசித்து வாய்ஸ் மெசேஜ் போட்டார், அசைவோடு. பையனுடைய கீபோர்டுத் தாள் மட்டும் பாக்கி. ஞாயிறு ஒத்திகை. பாதியில் நிற்கிறேன், ரப்பரை எங்கே வைத்தேனோ தெரியவில்லை.