மனுவில் கையெழுத்திட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஒரு காட்டை அழிப்பதையோ, ஆற்றின் குறுக்கே வரவிருக்கும் அணையையோ, அருகிவரும் ஓர் உயிரினத்தை வேட்டையாடுவதையோ எதிர்த்துக் கோரிக்கை மனு ஒன்று பகிரப்படும்போதெல்லாம், "இதில் கையெழுத்துப் போட்டு என்ன ஆகப் போகிறது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நான் ஏற்கவில்லை. காட்டுயிர்களையும் இயற்கையையும் காப்பதற்கு எளிய குடிமக்களின் கையில் இருக்கும் வழிகளில் மனு இன்றும் வலிமையானது என்றே உறுதியாக நம்புகிறேன். பல மனுக்கள் வீணாகிப் போவதற்குக் காரணம், கையெழுத்திட்ட அன்றோடு நம் கடமை முடிந்தது என்று நாம் விலகிவிடுவதுதான்.

நியூசிலாந்தின் மானபோரி ஏரிக்கு நடந்ததை இதற்காகவே அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அலுமினிய உருக்காலை ஒன்றுக்கு மின்சாரம் கொடுப்பதற்காக, ஃபியோர்ட்லாந்து தேசியப் பூங்காவிலுள்ள அந்த ஏரியின் நீர்மட்டத்தை 30 மீட்டர் வரை உயர்த்துவதற்குத் திட்டம் இருந்தது. அது நடந்திருந்தால் கரையோரக் காடுகளும் ஏரிக்குள் இருக்கும் சிறு தீவுகளும் மூழ்கியிருக்கும். 1970ஆம் ஆண்டு அதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட மனுவில் 2,64,907 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அது அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அத்தனை கையெழுத்துகள் சேர்ந்த பிறகும் அரசு உடனே பணிந்துவிடவில்லை. இயக்கத்தினரும் கலைந்துவிடவில்லை. அவர்கள் ஏரியை 1972 பொதுத் தேர்தலின் பேசுபொருளாக்கினார்கள். நீர்மட்டத்தை உயர்த்த மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்த தொழிற்கட்சி அந்தத் தேர்தலில் வென்றது. 1973இல் அக்கட்சியின் பிரதமர் நார்மன் கிர்க்கின் அரசு அந்த ஏரிக்கும் அருகிலுள்ள ஏரிகளுக்குமென ‘காவலர்கள்’ என்ற குழுவை அமைத்து, போராட்டத்தில் முன்னணியில் நின்றவர்களையே அதில் உறுப்பினர்களாக நியமித்தது. மின் நிலையம் இன்றும் இயங்குகிறது; ஏரியும் தன் இயல்பான ஏற்ற இறக்கத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

எண்ணிக்கையே இல்லாமலும் ஒரு மனு வேலை செய்யும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின்படி, ஓர் உயிரினத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கக் கோரி யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். அங்கே ஆயிரக்கணக்கான கையெழுத்துகளுக்கு வேலையில்லை. அறிவியல் சான்றுகள்தான் கேட்கப்படுகின்றன. உரிய துறை முதற்கட்டப் பதிலை இயன்றவரை 90 நாட்களுக்குள்ளும், மேற்கொண்டு ஆராயத்தக்கது என்று கண்டால் அடுத்த முடிவை மனு வந்த 12 மாதங்களுக்குள்ளும் சொல்ல வேண்டும். கடல் பனி உருகுவதால் பனிக்கரடி வாழ்விடம் இழக்கிறது என்று சான்றுகளோடு 2005இல் ஒரு மனு அளிக்கப்பட்டது. கெடுக்கள் தவறியபோது மனுதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008இல் பனிக்கரடி அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கேரளத்தின் சைலண்ட் வேலியில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே திட்டமிடப்பட்ட நீர்மின் அணையை எதிர்த்தவர்களும் உணர்ச்சியை மட்டும் நம்பியிருக்கவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு மின் தேவையையும் மாற்று வழிகளையும் ஆராய்ந்து அறிக்கையாகவே வெளியிட்டது. சோலைமந்திகளின் அந்தக் காடு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இவற்றோடு ஒப்பிடும்போது, நமக்கு வந்து சேரும் பல இணைய மனுக்களின் வாசகம் எனக்கு வருத்தத்தையே தருகிறது. அண்மையில் எனக்கு வந்த ஒன்றில், "யானைகளைக் காப்பாற்றுங்கள், காடுகளைக் காப்பாற்றுங்கள்" என்ற இரண்டு வரிகளும் உள்ளத்தை உலுக்கும் ஒரு படமும் இருந்தன. எந்தக் காடு, யாருடைய எந்த உத்தரவு, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனு யாருக்கு எழுதப்பட்டது என்றே தெரியவில்லை. அதையே, "இந்த வரைவு அறிவிக்கையின் இந்தப் பிரிவு, வலசைப் பாதையின் இந்தப் பகுதியைப் பாதுகாப்பிலிருந்து விலக்குகிறது, கருத்துக் கேட்புக் காலம் முடிவதற்குள் அந்தப் பிரிவை நீக்குமாறு கோருகிறோம்" என்று எழுதியிருந்தால், வாங்கிப் படிக்கும் அதிகாரி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். பொதுவான மன்றாட்டுக்கு "ஆவன செய்யப்படும்" என்ற பதிலே போதும் என்பதை எல்லா அலுவலகங்களும் அறிந்தே வைத்திருக்கின்றன. சரிபார்க்காத புள்ளிவிவரம் ஒன்று மனுவில் இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. அந்த ஒரு பிழையைக் காட்டியே மனு முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

காட்டின் ஓரத்தில் வாழ்பவர்களைக் கேட்காமல் எழுதப்படும் மனுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் பயிரைக் காத்துக் கண்விழித்திருப்பவரையும், தலைமுறைகளாகக் காட்டுக்குள்ளேயே வாழ்பவரையும் குற்றவாளிகளாகச் சித்திரிக்கும் மனுவில், அது எந்த விலங்கைக் காப்பதற்காக எழுதப்பட்டிருந்தாலும், நான் கையெழுத்திடுவதில்லை. இந்த இடத்தில் ஜெர்மனியின் பவேரியா மாநிலம் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. தேனீக்களையும் பிற பூச்சிகளையும் காக்க இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தக் கோரி 2019இல் அங்கே மக்கள் மனு இயக்கம் ஒன்று நடந்தது. வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் இரண்டே வாரங்களுக்குள், நகர மன்றங்களுக்கு நேரில் சென்று அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். பிப்ரவரிக் குளிரில் மக்கள் வரிசையில் நின்றார்கள், சுமார் 17.5 லட்சம் பேர், அதாவது வாக்காளர்களில் 18 விழுக்காட்டினர், கையெழுத்திட்டார்கள். சட்டம் தங்கள் மீது சுமையாக இறங்கும் என்று உழவர்கள் அஞ்சியபோது, மனுவை முன்னெடுத்தவர்களும் உழவர் அமைப்புகளும் மாநிலச் சட்டமன்றத்தின் முன்னாள் தலைவர் அலோயிஸ் க்ளுக்கின் தலைமையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். அதே ஆண்டு ஜூலையில் சட்டமன்றம் மனுவின் வரைவைச் சட்டமாக ஏற்றதோடு, உழவர்களுக்குத் துணைசெய்யும் இன்னொரு சட்டத்தையும் உடன் நிறைவேற்றியது.

கொடுத்த வாக்குறுதி நழுவிப்போவதும் உண்டு. பண்ணை விலங்குகளைக் கூண்டில் அடைப்பதை நிறுத்தக் கோரிய ‘ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி’ என்ற வகை மனுவுக்குச் சுமார் 14 லட்சம் கையெழுத்துகள் கிடைத்தன. 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவைக் கொண்டுவருவதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2021இல் அறிவித்தது. 2023 முடிந்தும் முன்மொழிவு வரவில்லை. இத்தகைய நேரத்தில்தான் கையெழுத்திட்டவர்கள் மீண்டும் தேவைப்படுகிறார்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவரும், கெடு முடிந்த மறுநாளே நினைவூட்டுக் கடிதம் எழுதுபவரும், தொகுதியின் உறுப்பினரை நேரில் சந்தித்து இதே கேள்வியைச் சலிக்காமல் கேட்பவரும் எண்ணிக்கையில் சிலராக இருந்தாலும், அவர்கள் இல்லாமல் அந்த லட்சக்கணக்கான பெயர்கள் ஒரு கோப்புக்குள் கிடக்கும் தாள்கள்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை யாராவது உங்களுக்கு ஒரு மனுவை அனுப்பினால், முழுவதையும் படித்துவிட்டு, அதைத் தொடங்கியவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதை யாரிடம், எந்தத் தேதியில் கொடுக்கப் போகிறீர்கள்? பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? அவர்களிடம் விடை இருந்தால், உங்கள் கையெழுத்தோடு தொடர்பு எண்ணையும் கொடுத்து, அந்த அடுத்த வேலையில் உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.