கட்டிக்கிட்டா குடியுரிமை வந்துடுமா?

தமிழ்நாட்டில் அகதி முகாம்களில், அதாவது கேம்ப்பில், வாழும் இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை கிடைப்பது பற்றி ஒரு விவாதம். "கேம்ப் பொண்ணு இங்க ஒரு பையனைக் கட்டிக்கிட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்று அதில் ஒருவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

முடியாதுங்க. குடியுரிமைச் சட்டம் 5(1)(சி)-படி, இந்தியரை மணந்தவர் ஏழு வருஷம் இங்கே வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 1990-ல் உயிருக்குப் பயந்து படகேறியவர்கள் விசா எடுத்துக்கொண்டா ஏறினார்கள்? கேம்ப்பிலேயே பிறந்த மகளுக்கும் நடைமுறையில் அதே முத்திரைதான்.

பிள்ளைக்காவது கிடைக்குமா? 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தால், அப்பா மட்டும் இந்தியர் என்பது போதாது. அம்மாவும் குடிமகளாக இருக்கணும், இல்லாவிட்டால் அந்த முத்திரை இல்லாதவராக இருக்கணும். அப்பா, அம்மா இருவருமே அகதிகள் என்றால், ஒரே தாய் வயிற்றில் 1986-ல் மண்டபம் கேம்ப்பில் பிறந்த அக்கா பிறப்பால் இந்தியர். 1988-ல் பிறந்த தம்பி இல்லை. நடுவில் நிற்பது 1987 ஜூலை 1 என்ற ஒரு தேதி. கட்டிக்கிட்டா முடிஞ்சுதாம்.

"2025-ல் விலக்கு கொடுத்தாச்சே" என்பீர்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. நல்லதுதான். அது குடியுரிமை இல்லை.

"கல்யாணத்தை ஒழுங்காப் பதிய வேண்டியதுதானே?" பதியத்தான் வேண்டும், 90 நாளுக்குள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள், பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமையாவது கிடைக்கட்டும் என்று அதன் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் ஊரோடு எரிந்திருக்கும். கேம்ப் அட்டையில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து. பெயரை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுத வையுங்கள், முதல் நாளிலிருந்தே.

பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு கேம்ப் என்றால் ஒரு பதிவேட்டில் பெயர் நீக்கி இன்னொன்றில் சேர்க்கணும். அது இழுத்தால் பெண்ணுக்கு அரசு உதவித்தொகையாக வர வேண்டிய மாதம் 1,000 ரூபாயும் இழுக்கும். போய்ச் சேர்ந்தாலும் பழைய வீடுகள் பத்துக்குப் பத்து அடி. மாமனார், மாமியார், நாத்தனார் படுத்திருக்க, நடுவில் ஒரு சேலையைக் கட்டி அந்தப் பக்கம் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும். இதைக் குடும்ப வாழ்க்கை என்று ஏற்க முடிகிறதா உங்களால்?

"போர் 2009-ல் முடிஞ்சுதே, போகலாமே." யார் போவது? வீட்டில் பாதிப் பேருக்கு அது ஊர், மீதிப் பேருக்கு இதுதான் ஊர்.

இலங்கையிலேயே இருப்பவர்களும் தப்பவில்லை. புருஷன் காணாமல் போனவள் மறுமணம் செய்ய நினைத்தால், அங்கே 2010-ல் வந்த 19-ஆம் இலக்கச் சட்டப்படி மரணச் சான்றிதழ் வாங்கலாம். 2016-ல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழும் வந்தது. அதில் திருமணம் முறியாது. ஆக, இன்னொரு கல்யாணம் வேண்டுமென்றால், தேடிக்கொண்டிருக்கிற மனுஷன் செத்துவிட்டான் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போடணும்.