கழுகு நெபுலாவின் நிறங்கள் குறித்து ஒரு திருத்தம்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களின் நிறங்கள் யாவும் கணினியில் கற்பனையாகப் பூசப்பட்டவை என்று சொல்வது பாதி உண்மைதான். 1995-இல் எடுக்கப்பட்ட 'படைப்பின் தூண்கள்' படத்தில், கழுகு நெபுலா என்னும் விண்வெளி வாயு-தூசி மேகத்தில் கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை உமிழும் ஒளியைத் தனித்தனி வடிகட்டிகள் வழியே கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்து, அவற்றுக்கு முறையே சிவப்பு, பச்சை, நீலம் என நிறம் ஒதுக்கினார்கள். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் அலைநீள ஒளியும் கந்தகத்தின் 673 நானோமீட்டர் அலைநீள ஒளியும் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியும் என்பதால், இயல்பு நிறத்தில் விட்டிருந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அந்தப் பச்சை இயற்கையானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன் (தொலைநோக்கியில் கண்ணால் பார்ப்பவருக்கு மங்கிய சாம்பல் படலமே தெரியும்). ஆனால் பச்சை மிகுந்த இடத்தில் ஹைட்ரஜன் ஒளிர்கிறது என்பது கற்பனையல்ல, அளவீடு. 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அதே தூண்களின் படமோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பதிவானது. அதற்கு 'உண்மையான நிறம்' எது என்று கேட்பதே பொருந்தாது.