ஐந்து புள்ளிகளில் அடங்காத நெறிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியல் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலருக்கு இந்தப் பதிவு எரிச்சலூட்டும். பரவாயில்லை, முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சுகாதாரத் தொழிலர்களைப் பதிவு செய்யும் நாட்டின் கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு உள்ள நாம் ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதில் குறைந்தது 5 நெறிமுறை, மனித உரிமை, சட்டம் சார்ந்தவை. நல்ல விதிதான். ஆனால் அந்த ஐந்தை எப்படிச் சேர்க்கிறோம்? சனிக்கிழமை ஒரு வெபினார். கேமராவை அணைத்துவிட்டு அடுப்பில் பிரியாணி. முடிவில் சில கேள்விகள், ஒரு சான்றிதழ். அப்புறம் அடுத்த ஆண்டுவரை அந்தப் பேச்சே இல்லை. "இந்தக் கேஸில் நான் ஏன் இப்படி நடந்துகொண்டேன்?" என்று இன்னொருவர் முன் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசாதவரை, எத்தனை புள்ளி சேர்த்தாலும் அது கணக்கு முடிக்கிற வேலை மட்டுமே என்பது என் கருத்து.

மற்ற ஊர்களைவிட நமக்கு இது அவசரமாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மகசீன் பாரக்ஸிலிருந்தும் நம் இந்தியர்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து, ஊருக்குத் தெற்கே சட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதன் விளைவு இன்றுவரை தெரிகிறது: எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆலோசனைக்கு வருகிற பெண்ணின் மாமியார் தைப்பூசத்தன்று உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் பால்குடம் எடுப்பார். அவள் கணவனின் அண்ணன் உங்கள் கார் மெக்கானிக். 2006இல் வெளியான நம் நடத்தை விதிகளில், உளவியலுக்கென்றே உள்ள இணைப்பு, பல்வகை உறவுகளைப் பற்றி, அதாவது ஆலோசனைக்கு வருபவரோடு நமக்கு வேறு உறவும் இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதுகூட எல்லா உறவையும் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. நம் நடுநிலையைக் கெடுக்குமா, வந்தவரைச் சுரண்ட இடம் தருமா என்று எடைபோடச் சொல்கிறது. எடைபோடுவது யார்? நாமே. தராசும் நம் கையில், சரக்கும் நம்முடையது. இதில் ஏமாறாமல் இருக்க எவ்வளவு நேர்மை வேண்டும்!

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். நம் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதைத் தாண்டிய பிள்ளை, போதிய முதிர்ச்சி இருந்தால், தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். இதை இந்தியர்கள் நிறைந்த டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "நான் பெத்த பிள்ளை என்ன சொன்னான்னு எனக்குச் சொல்ல மாட்டீங்களா, டாக்டர்?" அந்த அம்மா உங்களைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவராக இருந்தால், மறுப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். இதற்கு நேர்மாறான நிலையும் வரும். குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான காரணத்தோடு தெரியவந்தால், அதே சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி நாம் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போது குடும்ப மானம் பேச வருவார்கள். கோயில் கமிட்டிப் பெரியவர் போன் செய்வார். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. "இந்த வீட்டில் அப்படி நடந்திருக்காது" என்று நம் மனமே முதலில் வாதாடத் தொடங்குமே, அதை எந்த வெபினார் பிடித்துக்காட்டும்?

விதியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு நம் துறையின் வரலாறே சாட்சி. நிறவெறி ஆட்சியின் சிற்பி எனப்படும் வெர்வோர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷில் பயன்பாட்டு உளவியல் பேராசிரியர். படிப்பும் முறையும் இல்லாத ஆளல்ல. 1950களில் ஜோசஃபின் நாயுடு என்ற இந்திய வம்சாவளிப் பெண் அன்றைய உளவியலாளர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் தர்க்கம் பண்ணினார்கள். கடைசியில் சங்கத்தின் கதவு திறந்ததும், வெள்ளையருக்கு மட்டும் என்று 1962இல் தனிச் சங்கம் கண்டு ஒரு கூட்டம் வெளியேறியது. மனிதர்களை ஆராய்வதே தொழிலாகக் கொண்டவர்கள் தங்களை ஆராய மறந்த கதை இது. இனவேற்றுமை இல்லாத இன்றைய சங்கம் அமைய 1994 ஆனது. ராபன் தீவில் சிறையிருந்த நம் டர்பன்காரர் சாத்ஸ் கூப்பர் பின்னாளில் உலக உளவியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லி மாலை போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது.

இப்படி நம் கேஸ்களை இன்னொரு உளவியலாளர் முன் வைத்துப் பேசுவதுதான் சூப்பர்விஷன். "சூப்பர்விஷனுக்கு நேரமில்லை, பணமில்லை" என்பார்கள். பயிற்சிக் காலத்தில் கட்டாயம் என்பதால் போகிறோம். பெயர்ப்பலகை மாட்டியதும், நான் பார்த்தவரை, பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். பண விஷயம் உண்மைதான். தனியாகத் தொழில் செய்பவருக்கு ஒரு மணிநேரக் கட்டணம் கனக்கும். ஆனால் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்காருவதற்குத் தேநீர்ச் செலவு போதும். கேஸின் நுட்பத்தைக் காட்டி மெச்சிக்கொள்ளும் கூட்டமாக அது இருக்கக் கூடாது. "அந்த அம்மா அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்கும் தைரியம் அங்கே இருக்க வேண்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் ஊரில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. "மூன்று பெண்கள், அப்பா பேக்கரி" என்று தொடங்கினாலே பாதிப் பேருக்கு வீடு தெரிந்துவிடும். அதனால் இந்தக் குழுவை சட்ஸ்வொர்த்துக்குள்ளேயே அமைக்கக் கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர், நம் சமூகத்தோடு ஒட்டுறவே இல்லாத ஒரு ஜூலு சகா என்று கலந்து, ஆன்லைனில் பேசலாம். நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பல விஷயங்களை அந்தக் கடைசி ஆள்தான் "ஏன்?" என்று கேட்பார். வர விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். கேமரா மட்டும் திறந்திருக்க வேண்டும்.