இப்னு கல்தூன் சொன்னது பாதிதான் இங்க வந்திருக்கு

ப்ரோ, "வரியைக் குறை, அரசு செலவையும் குறை, பொருளாதாரம் தானா வளரும்னு 600 வருஷம் முன்னாடியே இப்னு கல்தூன் சொல்லிட்டார், ரீகன் பண்ணது அதைத்தான்"னு மேல போட்டிருக்கீங்க. முதல் பாதி ஓகே. இப்னு கல்தூன்ங்கிற அரபு வரலாற்று அறிஞர் 1377ல எழுதின முகத்திமாங்கிற புக்ல, ஒரு அரச வம்சம் ஆரம்பிக்கும்போது வரி கம்மி ஆனா வசூல் ஜாஸ்தி, முடியப்போற காலத்துல வரி ஜாஸ்தி ஆனா வசூல் கம்மின்னு தெளிவா இருக்கு. 1981ல அமெரிக்க அதிபரா இருந்த ரீகன் பிரஸ் மீட்ல அவர் பேரைச் சொன்னதும் நெஜம்தான்.

ஆனா அரசு செலவைக் குறைச்சா பொருளாதாரம் வளரும்ங்கிறது அவர் வாதம் இல்ல, உண்மையில அதே புக்ல நேர் எதிரா இருக்கு! அரசுதான் உலகத்துலயே பெரிய சந்தைங்கிறார், சுல்தான் பணத்தை கஜானாவுல பூட்டி வச்சா அவரோட ஆளுங்க கையில காசு இருக்காது, அவங்க வாங்குறது குறையும், கடைக்காரனுக்கு லாபம் விழும், கடைசில வரி வசூலே படுத்துடும்னு ஒவ்வொரு படியா விளக்குறார். இதைப் படிச்சா எனக்கு வரியைக் குறைச்சா வசூல் கூடலாம்னு சொன்ன பொருளாதார நிபுணர் லாஃபரை விட, மந்தத்துல அரசு செலவு பண்ணணும்னு சொன்ன கெய்ன்ஸ்தான் ஞாபகம் வருது. அதுக்காக அவரை கெய்ன்ஸ் ஆளுன்னும் சொல்லிட முடியாது, ஏன்னா ராஜாவே வியாபாரத்துல இறங்கி ஜனங்க சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்குறதை அவ்ளோ கடுமையா எதிர்க்கிறார். வம்சங்கள் ஏன் எழுந்து விழுதுங்கிறதுதான் அவரோட கேள்வி, வரி அதுல ஒரு பகுதி. ஒரு பத்தியை மட்டும் உருவி எடுத்து அமெரிக்க கட்சி சண்டைக்கு சாட்சியா நிறுத்துறது அந்த மனுஷனுக்கு பண்ற அநியாயம்ங்க.