உப்புத் தொழிற்சாலையிலிருந்து வந்த வலது தடுப்பாளர்

உங்கள் இதழில் வந்த, ஐஸ்லாந்து கால்பந்து அணியைப் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் ஹால்டோர்சனுக்கு மூன்று பத்தி, வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் பிர்கிர் மார் சைவர்சனுக்கு ஒரு வரிகூட இல்லையா? 2018 ஜூனில் மாஸ்கோவில், உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்திய அந்த ஆட்டத்தில், அவர்களின் இடப்பக்கத் தாக்குதல் ஆட்டக்காரர் டி மரியா வரும் பக்கத்தைக் காத்தவர் சைவர்சன்தான். 75ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினா டி மரியாவையே வெளியே அழைத்துக்கொண்டது.

நார்வேயில் பிரான், ஸ்வீடனில் ஹம்மார்பி ஆகிய கிளப்புகளில் பத்தாண்டுகள் ஆடிவிட்டு, அந்த ஆண்டுதான் சொந்த ஊர் கிளப்பான வாலூருக்குத் திரும்பியிருந்தார். அங்கே கிடைக்கும் வருமானம் போதாதோ, சும்மா இருக்கப் பிடிக்கவில்லையோ, உலகக் கோப்பைக்குக் கிளம்பும்வரை உப்புப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டின் கால்பந்து அப்படித்தான் நடக்கிறது.

தடுப்பாட்டக்காரனின் பிழைப்பே தனி. 2016இல் யூரோ எனப்படும் ஐரோப்பியக் கோப்பையில் ஹங்கேரிக்கு எதிராக 88ஆவது நிமிடம்வரை 1-0 என்று முன்னிலை. பந்து அவர் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. வெற்றி கைநழுவியது. வேறொருவராக இருந்தால் ஒடுங்கிப்போயிருப்பார். ஒன்பதே நாளில் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியபோதும் அதே வலது மூலையில் அவர்தான் நின்றார். நாட்டுக்காக நூறு ஆட்டங்களைத் தாண்டியவர். அடுத்த கட்டுரையில் அவருக்கும் இடம் கொடுங்கள் ஐயா.