வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால், சமைப்பது யார்?

பிள்ளைக்குப் பாக்கெட் சாப்பாடு கொடுக்கலாமா கூடாதா என்று அப்பாவும் அம்மாவும் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே அது "உனக்குப் பிள்ளை மேல அக்கறையே இல்லை" என்பதில் போய் நிற்கிறது. எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். அந்தப் பாக்கெட்டைப் பிரித்தவர் பெரும்பாலும் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, பசியில் சிணுங்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அடுப்பைப் பற்றவைப்பவர்.

சரி, உடம்புக்கு எது நல்லது என்று பார்த்தால் நியாயம் வீட்டுச் சமையல் பக்கம்தான். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, 2 வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் 2 வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. பெரியவர்களுக்கே இப்படி.

அதற்காகப் பாக்கெட்டில் வருவதெல்லாம் ஒன்றில்லை. உறையவைத்த பட்டாணியும் பாக்கெட்டில்தான் வருகிறது, அது வெறும் பட்டாணி. உடனடி சூப் வேறு கதை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள், 2 கிராம் உப்பு. அதுவும் பல நேரம் ஒரு பரிமாறலுக்கான கணக்கு. பாக்கெட்டில் இரண்டு பரிமாறல் இருந்து முழுவதையும் கொடுத்தால் 4 கிராம். பெரியவர்களுக்கே நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைக்கு அதைவிடக் குறைவு. சண்டை போடுகிற நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இதைப் படித்தாலே பாதி விஷயம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி உழைப்பு. சமையல் என்பது அடுப்பு முன்னால் நிற்கும் நேரம் மட்டுமில்லை. நாளைக்கு என்ன செய்வது என்று முந்தின ராத்திரியே யோசிப்பது, காய் தீர்ந்ததைக் கவனிப்பது, நறுக்குவது, மிஞ்சியதை எடுத்து வைப்பது, அப்புறம் பாத்திரம். இதில் எதையும் தொடாமல் வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் என் கட்சி, அது கணவராக இருந்தாலும் சரி, மனைவியாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் கணவர்தான். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பதும் போதாது. யோசிக்கிற வேலை அப்போதும் சமைக்கிறவர் தலையில்தான் இருக்கிறது. வாரத்தில் சில நாளை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், என்ன சமைப்பது என்று தீர்மானிப்பதில் தொடங்கிக் கடைசிப் பாத்திரம் கழுவுவது வரை. மற்ற நாட்களில் அவர் எதைப் பிரித்துக் கொடுத்தாலும் பிள்ளை முன்னால் முகம் சுளிக்காதீர்கள்.